மாமியார் வீட்டு நாயின் யூரியா

காலையெல்லாம் கரண்டியும் கையுமாக மேஜர் என்ற நாயின் பின்னால் அலைந்து பிடித்த மூத்திரத்தை, கால்நடை டாக்டர் லுப்வாமா தன் முழங்கையாலேயே மேசையிலிருந்து தட்டிவிட்டார். அது நேராக அவர் கால்சட்டையில் விழுந்தது. மித்யானா வட்டாரத்தின் கன்றுகளும் ஆடுகளும் ஏற்கெனவே பதம் பார்த்த கால்சட்டைதான். அதில் அவருக்கு வருத்தமில்லை. நாய்க்கு டிரிப் ஏறத் தொடங்கிவிட்டதே, அதுதான் வருத்தம். இனி மேஜர் பெய்வதெல்லாம் பாட்டில் தண்ணீர். அதைச் சோதித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

இரத்தத்தில் யூரியா இருக்க வேண்டியதைவிட மூன்று மடங்கு. சிறுநீரகத்தைக் காட்டிக்கொடுக்கும் கிரியேட்டினின் மட்டும் நல்ல பிள்ளையாக அளவுக்குள் நின்றது. ஆனால் அது சதையிலிருந்து வருவது; சதை வற்றிய கிழட்டு நாயிடம் அது சொல்வதையும் முழுசாக நம்ப முடியாது. சிறுநீரகம் கெட்டால் யூரியா ஏறும். உடம்பில் நீர் குறைந்தாலும் ஏறும். வயிறு புண்ணாகி இரத்தம் கசிந்து, அதுவே இரைபோலச் செரித்தாலும் ஏறும்; அப்போது மலம் கறுத்துப் போகும். எது என்று துப்புச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே சாட்சி அவர் தொடையில் காய்ந்துகொண்டிருந்தது.

மிச்சம் இருந்த வழி, நாயின் சொந்தக்காரியிடம் கேட்பது. சொந்தக்காரி அவருடைய மாமியார். உகாண்டாவின் இந்தப் புகாண்டா பகுதி வழக்கப்படி மருமகன் மாமியார் முகத்துக்கு எதிரே வரவோ நேராகப் பேசவோ கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்த அம்மாளின் முதுகைத்தான் அறிவார். இப்போதும் மாமியார் வெளியே பலாமரத்தடியில் பாயில் உட்கார்ந்திருக்க, மனைவி நாசோலோதான் இருவருக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள்.

"மலம் என்ன நிறம்னு கேளு."

"எங்கம்மாகிட்டயா? மாப்பிள்ளை கேட்டாருன்னா?"

"நான் கேட்டேன்னு சொல்லாத. மருத்துவம் கேட்டுச்சுன்னு சொல்லு."

போனாள், வந்தாள். "நல்லா இருக்குதாம்."

"நல்லான்னு ஒரு நிறம் இருக்குதா?"

"என் வாயால அதெல்லாம் கேக்க முடியுமாங்க? 'அவனுக்கு எல்லாம் சரியாப் போகுதாம்மா'ன்னு கேட்டேன். 'கடவுள் புண்ணியத்துல'ன்னாங்க."

"சரி, என்ன தின்னான்?"

மறுபடி போனாள், வந்தாள். "வீட்ல எல்லாரும் தின்னதைத்தானாம்."

லுப்வாமா தலையில் கைவைத்தார். வாயில்லாத ஜீவன் மேஜர். வாயுள்ள இந்த இரண்டு பேரைவிட அவனே கூடுதலாகச் சொல்லிவிடுவான் போலிருந்தது.

"அம்மா உங்களை ஒண்ணு கேக்கச் சொன்னாங்க." நாசோலோவின் குரல் இறங்கியது. "சிறுநீரகமா, இல்லையா? ஆமான்னா இன்னிக்கே ஊசி போட்டு முடிச்சிரணுமாம். அப்பாவை அப்படிப் பாத்ததே போதுமாம். இவனையும் பாக்க மாட்டாங்களாம்."

மாமனார் அந்த நோயில் கிடந்த மாதங்களில் மருத்துவமனைக்கு வண்டி ஓட்டியவர் லுப்வாமா. பின்னிருக்கையில் மாமியார், முன்னிருக்கையில் இவர், நடுவே ஒரு துணி. அவர் மேஜரின் காதைத் தடவினார். நாய் கண்ணைத் திறக்காமலே வாலை ஒருமுறை தரையில் அடித்தது. ஊசி மருந்து அலமாரியில்தான் இருந்தது. தெரியாமலே அதைப் போட்டுவிட அவருக்குக் கை வராது.

எழுந்து ஜன்னலுக்குப் போனார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். முகம் தெரியாவிட்டால் குற்றத்தில் பாதியாவது கழியும் என்று ஒரு கணக்கு. எதிர்ச் சுவரைப் பார்த்துக் கத்தினார்:

"அத்தை, மன்னிச்சிருங்க! சிறுநீரகமான்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சிருக்கும், மூத்திரத்தை நானே கொட்டித் தொலைச்சிட்டேன். இப்ப நீங்க சொன்னாத்தான் உண்டு. அவன் மலம் என்ன நிறம்? வாயில என்ன போட்டீங்க?"

"ஐயோ," என்றாள் நாசோலோ, முகத்தை மூடிக்கொண்டு.

வெளியே சாலையில் 'போடா போடா' என்கிற வாடகை பைக் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. மாமியார் எழுந்து போய்விட்டார் என்றே லுப்வாமா நினைத்தார்.

பிறகு, முதுகுக்குப் பின்னாலிருந்து, அவர் இதுவரை நேராகக் கேட்டிராத குரல் வந்தது.

"மாப்பிள்ளை, அவன் பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தான். பாக்கச் சகிக்கலை. என் மூட்டுவலி மாத்திரையை மத்தோக்கே வாழைக்காய் மசியல்ல பெசஞ்சு தினமும் குடுத்தேன். அதுலேர்ந்துதான் தாரு கணக்கா கருப்பாப் போறான்."