முக்கில் ஒரு ஹாரன்

கம்பெனி கேட்டைத் தாண்டியதும் சுடலைக்கண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்து வாயில் அதக்கிக்கொண்டான். மணி ஐந்தே முக்கால். துறைமுகச் சாலையின் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கை ஓட்டி வருபவன், இடது பக்கம் பிராந்திக்கடை வரும்போது மட்டும் கருப்பட்டியை நறுக்கென்று கடிப்பான். இருநூற்றுப் பதினாலு நாளாக அந்தக் கடையை இப்படித்தான் கடக்கிறான்.

இந்த யோசனை, ஆஸ்பத்திரியில் குடியை விட ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் பெர்சி சொன்னது. சின்னப் பெண். "ஆயுசு பூரா குடிக்க மாட்டேன்னு சத்தியம்லாம் பண்ணாதீங்க அண்ணாச்சி. அந்த நேரத்துக்கு வாய்க்கு ஒரு வேலை, கைக்கு ஒரு வேலை குடுங்க. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்." பதினாறு வருஷக் குடியைக் கருப்பட்டி நிறுத்திப்போடுமாக்கும் என்று அப்போது இவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. நிறுத்திவிட்டது. கைக்கு வேலை, வீட்டுக்கு வந்ததும் தன் தூக்குச்சட்டியைத் தானே கழுவிக் கவிழ்ப்பது. பிறகு காலண்டரில் அன்றைய தேதிக்கு ஒரு டிக். கம்பெனியில் போர்க்லிப்ட் ஓட்டும்போது கை நடுங்காமல் இருப்பதைப் பார்த்து சூப்பர்வைசரே டீ வாங்கிக் கொடுத்தார். ஊரே மெச்சியது.

வீடுதான் அப்படியே இருந்தது. தெருமுக்கில் பைக் சத்தம் கேட்டதும் டிவி அணையும். பிளஸ் டூ படிக்கும் மகள் ஐஸ்வர்யா புத்தகங்களை அள்ளிக்கொண்டு உள்ளறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போடுவாள். பெண்டாட்டி சந்தனமாரி அரிவாள்மனையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அடுப்படி வாசலில் போய் நிற்பாள். இவன் நுழையும்போது முன்னறை துடைத்துப்போட்ட மாதிரி இருக்கும். ஸ்டூலில் ஒரு தட்டுச் சோறு, மூடி வைத்து.

அவனுக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. தான் வரும்போது மகள் எழுந்து போகாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கேட்பதற்குத்தான் முகம் இல்லை. தூக்குச்சட்டி மூடியில் இருக்கும் நெளிசல், குடிவெறியில் இவன் வீசி எறிந்தபோது சந்தனமாரியின் நெற்றியில் பட்டு விழுந்தது. அதைத்தான் தினமும் சாம்பல் போட்டுத் தேய்க்கிறான்.

அன்றைக்கு உப்பளம் தாண்டும்போது பின்சக்கரம் பஞ்சர். வண்டியைக் கடையில் விட்டுவிட்டு நடந்தே வந்தான். வீட்டை நெருங்கும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ விருந்தாளி என்றுதான் முதலில் நினைத்தான். வாசலில் நின்று பார்த்தால், ஐஸ்வர்யா கையில் ஸ்கேலை வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி கணக்கு வாத்தியார் மாதிரி பேசிக் காட்டிக்கொண்டிருந்தாள். சாளை மீன் அரிந்துகொண்டிருந்த சந்தனமாரி, செதிள் ஒட்டிய கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தன் மகளுக்கு இப்படியெல்லாம் பேசிக் காட்டத் தெரியும் என்பதே சுடலைக்கண்ணனுக்குத் தெரியாது. அவனும் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

ஸ்கேல் கீழே விழுந்தது. இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு ஐஸ்வர்யா அப்படியே தரையில் குந்திவிட்டாள். அவன் ஓர் எட்டு வைப்பதற்குள் சந்தனமாரி நடுவில் வந்து நின்றாள்.

"பைக்கு சத்தமே கேக்கலியே," என்றாள்.

"ஏளா, வண்டி பஞ்சரு."

"ஒரு சத்தங் குடுத்துட்டு வரக்கூடாதா? புள்ள பயந்துட்டால்லா."

குரலில் கோபமே இல்லை. கடையில் உப்பு வாங்கி வரச் சொல்கிற மாதிரி சொன்னாள். திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும்.

"பயப்படலப்பா. சும்மாத்தான்," என்றாள் ஐஸ்வர்யா. தலையிலிருந்து கைகள் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

சட்டியைக் கழுவும்போது அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இருநூற்றுப் பதினாலு நாள்! இன்னும் என்னத்தைத்தான் செய்ய? யாரிடம் போய்க் கத்த? காலண்டர் முன்னால் டிக் போட நின்றவனுக்குக் கை ஓடவில்லை. இவனுக்குப் பழக்கிவிட பெர்சி வேண்டியிருந்தது. அந்த இரண்டு பேருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. டிவியை அணைக்கவும், அரிவாள்மனையை ஒளிக்கவும், தலையை மூடவும் தினம் கொஞ்சம் கொஞ்சமாக வருஷக்கணக்கில் பழகியிருக்கிறார்கள். பழக்கிவிட்டவன் இவன்தான்.

மறுநாள் பைக் கிடைத்துவிட்டது. தெருமுக்கு வருவதற்கு முன்னாலேயே எஞ்சினை அணைத்து, சத்தமில்லாமல் உருட்டி வந்து முக்கில் நிறுத்தினான். வீட்டு ஜன்னலில் டிவியின் நீல வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. நடுநடுவே மகளின் சிரிப்பு கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

பிறகு வண்டியைக் கிளப்பி ஹாரனை நீளமாக அடித்தான்.

நீல வெளிச்சம் அணைந்தது. புத்தகங்களை அள்ள, உள்ளறைக்குப் போக, தாழ்ப்பாள் போட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். வாயில் இருந்தது கரைந்து முடிகிற வரை கிளட்சைப் பிடித்தபடி முக்கிலேயே நின்றான்.