பலகையில் இருந்த கால்கள்

எழுத்தாளர் வேலாயுதம் குடியிருந்த ஆம்பூர் வீட்டை நினைவில்லம் ஆக்கிவிட்டார்கள் என்று தெரிந்த அன்று, பூங்குழலியின் அம்மா கேட்டது ஒன்றுதான். அந்தப் பலகை இன்னும் இருக்குமா?

வேலாயுதம் சென்னைக்குப் போன பிறகு ஆறு வருஷம் அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தது இவர்கள்தான். அப்பாவுக்கு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங் வேலை. பொங்கலுக்குப் பொங்கல் சுவர் அலமாரியின் அடிப்பலகையை உருவித் தரையில் போடுவார். பூங்குழலியையும் தம்பி கௌதமையும் அதன்மேல் நிற்கவைத்துக் காலைச் சுற்றிப் பென்சில் ஓட்டுவார். கழித்துப்போட்ட தோல் துண்டில் அந்த அளவுக்குச் செருப்பு வரும். காகிதத்தில் வரைந்தால் தொலைந்துபோகும் என்பார். ஒன்பது வயதில் கௌதம் காய்ச்சலில் போனான். அடுத்த வாரமே வீட்டைக் காலி செய்தார்கள். அந்த அவசரத்தில் பலகை அங்கேயே தங்கிவிட்டது. அப்பா அதற்குப் பிறகு யாருக்கும் செருப்பு தைக்கவில்லை.

காட்பாடியிலிருந்து ரயிலில் வரும்போது, கேட்க வேண்டியதைப் பூங்குழலி நாலு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் வாய் வரவில்லை. அம்மா சமைத்த இடத்தில் விருதுகளை அடுக்கியிருந்தார்கள். கௌதம் ஏறி ஏறி வளைத்த ஜன்னல் கம்பி வளைந்தபடியே இருந்தது. அதற்குக் கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் பலகை. 'எழுத்தாளர் தம் பிள்ளைகளின் பாதங்களை வரைந்து வைத்தது' என்று ஓர் அட்டை.

அவள் மூன்றாம் முறை பெட்டி முன்னால் வந்து நின்றதும், காவலுக்கு இருந்த வாஹித் பாஷா எழுந்து வந்தார். முப்பது வருஷம் ஷூ கம்பெனியில் இருந்தவர்.

"இன்னாம்மா, அதையே பாக்கறே? ஒன்னு சொல்றேன், கமிட்டிகிட்ட சொல்லிடாதே. இது கதை எழுதறவர் போட்ட கோடு இல்ல. பென்சிலை நட்டமா புடிச்சி, விரல் பக்கம் எடம் விட்டுப் போட்டிருக்கான் பாரு. கட்டிங் ஆளுதான் இப்படிப் போடுவான். இந்த ஒரு புள்ளை காலுலதான் கோடு ஆடிப்போயிருக்கு."

"அவனுக்குக் கூச்சம் ஜாஸ்தி பாய்," என்றாள் பூங்குழலி. "பென்சில் பட்டாலே சிரிப்பான். என் தம்பி."

அப்புறம் மீதியைச் சொல்வது கஷ்டமாக இல்லை. கேட்டு முடித்து வாஹித் பாஷாவே கமிட்டித் தலைவருக்குப் போன் போட்டார். தலைவர் இரண்டு கேள்வி கேட்டார். எழுத்தாளருடையது இல்லையென்றால் நமக்கு எதற்கு, எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள் என்றுவிட்டார். இவ்வளவு சுலபமாக முடிந்தது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. அட்டையை எடுத்ததும் அது வெறும் அலமாரிப் பலகை.

வாஹித் பாஷாவுக்குத்தான் கொடுக்க மனசு வரவில்லை. வருகிறவர்கள் விருதைக்கூட இவ்வளவு நேரம் பார்ப்பதில்லை, பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் தங்கள் காலை வைத்து அளந்து பார்க்கும் என்று சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்தார்.

பூங்குழலி அம்மாவைப் போனில் அழைத்தாள்.

"கெடைச்சிடுச்சிம்மா."

அம்மா கேட்டாள், "அவன் காலு அழிஞ்சிருக்கா?"

வீட்டில் இருக்கும் போட்டோவில் கௌதம் ஒரு விரல் உயரம்தான். இங்கே கடைசிப் பொங்கலுக்குப் போட்ட அவன் கால் அவன் அளவிலேயே இருந்தது. பூங்குழலி உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்தாள். கோடு விரல்களைத் தாண்டித் தெரிந்தது.

"அழியலம்மா. என் கையைவிடப் பெருசா இருக்கு."