ஆறாவது படத்துக்குக் கீழே ஒரு வரி

1
இந்தக் கதை ஒரு முணுமுணுப்பிலிருந்து வந்தது, ஒப்புக்கொள்கிறேன். தேர்தல் முடிவு வந்த மறுநாள், முடிதிருத்தகத்தில் எனக்கு முன்னால் காத்திருந்தவர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, "இவங்களுக்குப் பிடிச்சவன் ஜெயிச்சாதான் சரித்திரம்" என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் முறை வந்துவிட்டது.

2
பத்திரிகை அலுவலகத்தின் பிற்பகல், தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் இருந்தது. இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காத பக்க வடிவமைப்பாளரின் திரையில் ஐந்து முகங்கள் மிதந்தன. தலைப்பு: 'முதன்முறையாக'. முதல் மீனவப் பெண். பார்வையற்ற முதல் வழக்கறிஞர். இப்படி ஐந்து வெற்றியாளர்கள்.

(இந்த வடிவமைப்பாளர் எந்தக் கட்சியையும் சாராதவள் என்று எழுதி அடித்தேன். பொய். ஐவரின் கட்சிக்குத்தான் அவள் ஓட்டு.)

அவளுடைய அண்ணன் போனில் கூப்பிட்டார். "உங்க வெப்சைட்டைப் பார்த்தேன். அஞ்சு பேரும் ஒரே கட்சி. காது கேக்காத பஸ் மெக்கானிக்கம்மா ஜெயிச்சதும் முதன்முறைதானே? எங்க கட்சின்னா கண்ணுக்குத் தெரியாதா?"

"உனக்கு வேற வேலையே இல்லண்ணா" என்று போனை வைத்தாள். பிறகு தேடினாள். மெக்கானிக்கம்மா முடிவுப் பட்டியலில், பொடி எழுத்தில், ஒரு வரியாக இருந்தார்.

3
செய்தி ஆசிரியரை வில்லனாக எழுதிப் பார்த்தேன். எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் போய்க் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வேணும்னு விடலம்மா. ஞாபகத்துக்கே வரல" என்றார்.

அவளுக்கும்தானே வரவில்லை?

(எனக்கும்தான். மேலே பாருங்கள்: மீனவப் பெண்ணை நானாகவே சொன்னேன், மெக்கானிக்கம்மாவை அண்ணன் சத்தம் போட்ட பிறகுதான்.)

"ஆறாவது படம் சேர்க்கிறேன் சார்."

"நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போயாகணும்."

4
ஐந்து படங்களையும் கொஞ்சம் சுருக்கினாள், இடம் கிடைத்தது. மெக்கானிக்கம்மாவுக்கே படம் கேட்டுச் செய்தி அனுப்பினாள். படத்தோடு பதிலும் வந்தது:

"காது கேக்காதவன்னு போடாதீங்க. இருபது வருஷம் பஸ் ரிப்பேர் பார்த்தவ. எல்லா ஸ்டாப்புக்கும் நிழற்குடை கட்டித் தரேன்னு சொல்லி ஜெயிச்சேன். அதைப் போடுங்க."

அதை மட்டும் போட்டால் 'முதன்முறையாக' என்ற பக்கத்தில் அவருக்கு இடமில்லை. அவரையே போடாவிட்டால் அண்ணன் சொன்னது சரி.

மணி மூன்று ஐம்பது. ஆறு முகங்களும் லேசாக ஆடின. மற்ற ஐந்து பேரும் என்ன சொல்லி ஜெயித்தார்கள்? யோசித்தாள். தான் ஓட்டுப் போட்ட கட்சி. ஒன்றுகூடத் தெரியவில்லை.

தலைப்பை அழித்தாள்.

5
நாலு மணிக்குப் பக்கம் போய்விட்டது, ஆறு படங்களோடு. புதிய தலைப்பைப் பார்த்த செய்தி ஆசிரியர் முதலில் சிரித்து, பிறகு

இல்லை. அவர் கோபத்தில்

மூன்று முறை எழுதி மூன்று முறையும் விட்டுவிட்டேன். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் பக்கம் சாய்கிறேன். நீங்களே ஒரு தலைப்பு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஓட்டு யாருக்கு என்று என்னிடம் சொல்ல வேண்டாம். தலைப்பை எழுதினால் அதிலேயே தெரிந்துவிடும்.