பயறளவு

காலையில் யெதாயா அடுப்பைப் பற்றவைத்தான். பார்லி மாவைப் பிசைந்து இரண்டு ரொட்டி சுட்டான். ஒன்றைத் தின்றான். மற்றதைத் துணியில் முடிந்துகொண்டு ஊர்வாசலைத் தாண்டிப் போனான். பாறைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

குகையிலிருந்து அவன் மனைவி மில்காள் வந்தாள். மேலுதட்டை முக்காட்டால் மூடியிருந்தாள்.

"தீட்டு, தீட்டு" என்று முறைப்படி கூவிவிட்டு, "இன்னிக்கும் கருகலா, ஆசாரியரே?" என்றாள்.

"அடிப்பக்கம் மட்டும்தான்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

குஷ்டமா இல்லையா என்று ஊரார் தோலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஆசாரியன் அவன். சொந்த மனைவிக்குச் சொல்ல முடியாது. அவளைத் தீட்டு என்று வெளியே அனுப்பியவர் அடுத்த தெரு ஆசாரியர் மல்கியா. சுத்தம் என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

வேதச் சட்டப்படி வெண்மை திட்டுத்திட்டாக இருந்தால் தீட்டு. உச்சி முதல் பாதம்வரை வெளுத்துவிட்டால் சுத்தம், வீடு திரும்பலாம். அதனால் நோய் பரவப் பரவ இருவருக்கும் சந்தோஷம். கழுத்து வெளுத்த அன்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே பயறளவு சிவப்பு மட்டும் மிச்சம் நின்றது.

மில்காள் அங்கியைச் சற்று உயர்த்தினாள். "அதுவும் போயிடுச்சு, பாருங்க."

"நான் பாக்கக்கூடாது."

"புருஷனாப் பாருங்க."

பார்த்தான். வெளுத்துத்தான் தெரிந்தது. அவள் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"காய்ச்சலா?"

"கொஞ்சம். குகையில ஈரம். நீங்க போய் அவரக் கூப்பிடுங்க."

மல்கியா வாசலுக்கு வந்து வானத்தைக் காட்டினார். "மப்பா இருக்கே தம்பி. இந்த வெளிச்சத்துல சிவப்பும் வெள்ளையா ஏமாத்தும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். இப்படிப்பட்ட நாளில் அவனே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். திரும்பிப் போய் அவளிடம் சொன்னான்.

மறுநாள் வெயில் அடித்தது. இருவரும் போனார்கள். பாறையருகே யாரும் கூவவில்லை. குகைக்குள் எட்டிப் பார்த்த மல்கியா அங்கேயே நின்றுவிட்டார். பிணத்தை ஆசாரியன் நெருங்கக்கூடாது. கட்டியவள் என்பதால் யெதாயா மட்டும் போகலாம்.

அங்கியை விலக்கினான். எங்கும் சிவப்பில்லை.

"முழுக்க வெளுத்திருக்கு" என்றான்.

"செத்தவங்களுக்குத் தீர்ப்பு கிடையாதுப்பா."

கடவுளைத் துதித்துக்கொண்டே போனாள் என்று ஊர்ப்பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவன் மறுக்கவில்லை. முந்தின நாள் மேகத்தைப் பற்றி அவன் சொன்னபோது, பாறையில் சாய்ந்தபடி அவள் சொன்னது இவ்வளவுதான்:

"நாளைக்கு வெளுத்துடும். ரொட்டி சுடாதீங்க, நான் வந்து சுட்டுக்கறேன்."