போன் வந்தா வாய மூடுற புள்ள

என் புள்ள ரய்யான் அழுதா மரக்காணம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும். உப்பு லாரி ஓட்டுற பக்கிரி அண்ணன் ஒரு நாள் வண்டிய நிறுத்திட்டு, "ஏம்மா முபீனா, புள்ளய யாராவது அடிக்கிறீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு. யாரும் அடிக்கல. துணி மாத்தினா அழுவான், மாத்தலன்னாலும் அழுவான். அவன் பொறந்ததுலருந்து நான் சூடா ஒரு வாய் சோறு தின்னதில்ல.

ஆனா வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு ஷார்ஜாவுலருந்து அவங்க அத்தா போன் பண்ணா மட்டும் துரை வாயத் தொறக்க மாட்டாரு. மணி அடிச்ச உடனே கப்சிப். ரிசீவர வாய்கிட்ட வெச்சா நக்கிப் பாப்பான்.

என் வீட்டுக்காரர் முஹ்சின் புள்ளய போட்டோவுலதான் பாத்திருக்காரு. போன்ல புள்ள அழ மாட்டேங்குறான்னதும் மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் சந்தேகம் வந்துடுச்சு. "புள்ளைக்குக் குரல் வரலயா? எல்லாரும் சேந்து மறைக்கிறீங்களா? நான் வேலைய விட்டுட்டு வந்துடுறேன்"ன்னு ஆரம்பிச்சாரு. ஒழுங்கா சாப்பிடுறதும் இல்லயாம். பாதியில வந்துட்டா மறுபடி யாரு விசா குடுப்பாங்க?

அடுத்த வெள்ளிக்கிழமை எப்படியாவது அழ வெச்சிடணும்னு நானும் என் நாத்தனார் ஷாகிராவும் முடிவு பண்ணோம். ஈரத் துணிய வேணும்னே மாத்தாம விட்டேன். போன் அடிச்சுது. பொக்க வாயக் காட்டிச் சிரிச்சான் பாவி.

"அழுறானா?"ன்னாரு அவரு. குரலே உடைஞ்சிருந்துது.

ஷாகிரா ரிசீவரப் புடுங்கி, மூக்கப் புடிச்சுக்கிட்டு, "ங்ஙே... ங்ஙே..."ன்னு ஆரம்பிச்சுட்டா. பி.காம் படிக்கிற பொண்ணு. நடுவுல விக்கல் எல்லாம் வெச்சு அப்படி ஒரு அழுக.

நான் ரிசீவர வாங்கினா அந்தப் பக்கம் இவரு அழுதுட்டிருக்காரு. "அல்ஹம்துலில்லாஹ். எவ்ளோ மென்மையான குரல் முபீனா. அப்படியே எங்க அம்மா குரல்."

ஷாகிரா பெருமையா துப்பட்டாவ இழுத்து விட்டுக்கிட்டா. அவ போட்ட சத்தத்துல ரய்யான் மிரண்டு போயிருந்தான் போல. உதட்டப் பிதுக்கினான். அப்புறம் வீடே அதிர்ற மாதிரி ஒரு கத்து.

"யாரு அது, பக்கத்து வீட்டுப் புள்ளயா? என்ன இப்படி ஆடு மாதிரி கத்துது. கதவ சாத்து, நம்ம புள்ள பயந்துடப் போறான்"ன்னாரு.

எனக்கு வந்துச்சே கோவம். சொல்லாதீங்க அண்ணின்னு ஷாகிரா கைய ஆட்டுறா. நான் விடல.

"ஆடு மாதிரி கத்துறதுதாங்க உங்க புள்ள. மென்மையா அழுதது உங்க தங்கச்சி. வேணும்னா அவளையே தொட்டில்ல போட்டு ஆட்டுங்க."



"ரிசீவர அவன்கிட்ட வை"ன்னாரு மெதுவா.

வெச்சேன். ரய்யான் மூச்சு விடாம கத்தினான். "அழுடா ராஜா, இன்னும் நல்லா அழுடா"ன்னு இவரு சிரிக்கிறது எனக்கே கேட்டுச்சு. போன் கார்டு தீர்ற வரைக்கும் அதையே கேட்டுட்டிருந்தாரு. நீ எப்படி இருக்க, சாப்பிட்டியான்னு என்னைய ஒரு வார்த்தை கேக்கல மனுஷன்.

வர்ற வெள்ளிக்கிழமை நானும் ரிசீவர்ல அழலாம்னு இருக்கேன். அப்பவாச்சும் கேக்குறாரான்னு பாப்போம்.