இருபத்துநாலாம் தேதி சாயங்காலம்

...பரிசை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது தந்திரமா கோழைத்தனமா, இரண்டும் ஒன்றுதானோ, பேரன் லெவினுக்கு வாங்கிய மர ரயில் என் சமையலறை மேசையில் கிடக்கிறது, கையோடு கொண்டுவந்திருந்தால் என் மகள் அன்யா பையில் போட்டுக்கொண்டு போய்விடுவாள், கொண்டுவராவிட்டால் இருபத்துநாலாம் தேதி நீங்களே வந்து கிறிஸ்துமஸ் மரத்துக்குக் கீழ வச்சிடுங்கப்பா என்று அவள் சொல்லித்தானே ஆகவேண்டும், கழிவுநீர் நிலையத்தில் ராத்திரி முழுக்க அளவுமானிகளின் முள் ஆடுவதைப் பார்த்தபடி போட்ட கணக்கு இது, படிப்பைப் பாதியில் விட்டவன் கணக்கு வேறு எப்படி இருக்கும். எங்கள் ஊரில் அந்தச் சாயங்காலம்தான் குடும்பம் கூடிப் பரிசு பிரிக்கிற நேரம், அன்றைக்கு எனக்கு லீவு. அக்டோபரிலேயே கேட்டபோது மேற்பார்வையாளன் ஹார்ட்மூட் சிரித்தான், உனக்கேதுய்யா குடும்பம், வருஷா வருஷம் அன்னிக்கு நீதானே காவல் இருப்ப... இருந்தும் கொடுத்துவிட்டான். எர்ஃபுர்ட்டில் ஆண்டுக்கு ஒருமுறை அன்யாவைப் பார்ப்பது பேராலயத்துக்குக் கீழே இந்தக் கிறிஸ்துமஸ் சந்தையில்தான், இடத்தை அவள்தான் சொல்வாள், ஏன் இங்கே என்று நான் கேட்டதில்லை, எல்லாம் நின்றபடி குடிக்கிற உயர மேசைகள், நாற்காலி கிடையாது, ஒரு கோப்பை சூடான ஒயின், ஒரு சுட்ட சாசேஜ், அது முடிந்ததும் கிளம்பிவிடலாம், யாரும் யாரையும் எழுந்து போகச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் தனியாக வந்தாள், லெவினுக்குச் சளியாம், போன வருஷமும் சளிதான். எங்கள் மேசையிலேயே ஒட்டிக்கொண்டிருந்த சிவப்புக் குல்லாய்க்காரர் என்னைப் பார்த்து, "பெரியவரே, மூஞ்சிய இப்படி வச்சிருந்தா ஒயின் புளிச்சிடும்" என்றார், அன்யா சிரித்தாள், "அவர் பொறந்ததிலிருந்தே இப்படித்தாங்க", அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, இப்போதே கேட்டுவிடலாம், இந்த வாய் ஒயினை விழுங்கிவிட்டுக் கேட்கலாம், வறுத்த பாதாமும் சர்க்கரையும் கருகுகிற வாசனை, ராட்டினம் சுற்றுகிறது, ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்காத தலையும் அதோடு சுற்றுகிறது, என்ன கேட்பது, நான் வரட்டுமா என்றா, வரலாமா என்றா... அதற்குள் அவள் பையிலிருந்து நட்சத்திரத் தாள் சுற்றிய பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "இருபத்துநாலு சாயங்காலம்தான் பிரிக்கணும், முன்னாடியே பிரிச்சீங்க, கொன்னுடுவேன்." மெத்தென்று இருந்தது, கம்பளிக் கையுறையாக இருக்கும். அன்றைக்கு வீட்டுக்கு வருகிறவனுக்குச் சந்தையில் நின்று யாரும் பரிசு கொடுப்பதில்லை, வருகிறவனுடையது மரத்துக்குக் கீழே இருக்கும். கேட்பதற்கு முன்பே பதிலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஆனாலும் மனசு விடுகிறதா, "லெவினோடத வீட்டிலயே மறந்துட்டேன்மா" என்றேன், மர ரயில்தான் என் கடைசிச் சீட்டு.

"பரவாயில்லப்பா, தபால்ல போட்டுடுங்க. நேரத்துக்கு வந்துடும்."

இதை யோசிக்கவே இல்லை, தபால் என்று ஒன்று இருக்கிறதே, ராத்திரி முழுக்க யோசித்தும் அது தோன்றவில்லையே. அவள் கோப்பையில் இன்னும் பாதி இருந்தது, அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஒயினையே பார்த்தாள், "அம்மாவும் அவரும் வர்றாங்க, கிறிஸ்துமஸ் வாத்தை அம்மாதான் சமைக்கப்போறா", அவர் என்பது என்னைப் பிரிந்த பின் அவள் அம்மா கட்டிக்கொண்டவர், பிறகு, "உங்களுக்கு அன்னிக்கு ஷிப்ட்தானேப்பா?" இல்லை என்று சொல்லலாம், ஒரே சொல், லீவு போட்டிருக்கேன் அன்யா என்று சொன்னால் அவள் என்ன செய்வாள், வாங்க என்பாள், குல்லாய்க்காரர் முன்னால் வேறு என்ன சொல்ல முடியும், நான் போய் அந்த மேசை மூலையில் உட்காருவேன், எல்லோரும் மெதுவாகப் பேசுவார்கள்...

"ஆமா, ஷிப்ட்தான்" என்றேன்.

"பாவம்ப்பா நீங்க" என்றாள். அதோடு அவள் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு மூச்சு வெளியே வந்தது, நீளமாக, மேசை விளக்கைக் கடந்து என் முகம் வரைக்கும், இந்தக் குளிரில் நிம்மதிப் பெருமூச்சை யாராலும் மறைக்க முடியாது. அதை எப்போதிலிருந்து அடக்கி வைத்திருந்தாள், வந்ததிலிருந்தா, வீட்டிலிருந்து கிளம்பும்போதா, இல்லை ஒவ்வொரு வருஷமும் இப்படித்தானா, நான்தான் இதுவரை குளிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேனா...