வீட்டுக்கு விழுந்த சீட்டு

ஜெயக்கொடியின் வாய்க்கு மசியாத நோயாளி அந்த வார்டில் கிடையாது. மதுரையில் காசநோய்க்குப் புது மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்த எண்பத்தொன்றாம் வருஷம் அது. ஊசிக்குப் பயந்து ஓடுகிறவன், சாமியாடியிடம் திருநீறு வாங்கப் போகிறவள், எல்லாரையும் வீடு தேடிப் போய்த் திட்டி, கெஞ்சி, கேலி பேசி இழுத்துவருவதுதான் அவள் உத்தியோகம். "உன் வாயை வித்தா சிம்மக்கல்லுல ரெண்டு கடை வாங்கலாம்டி" என்பார் அவள் புருஷன். அவளுக்கு அதில் பெருமைதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பதைத் தவளைக்குச் சொன்னதாகவே நினைத்திருந்தாள், பாவி மகள்.

பங்குனி மாசம் செக்கானூரணிக்கு மேற்கே இருந்து அக்காளும் தம்பியுமாக இரண்டு பேர் வந்தார்கள். அக்காள் மாயக்காளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். இருமல் கண்டதும் புருஷன் அவளைப் பிறந்த வீட்டுக்குத் துரத்திவிட்டான். தாய் தகப்பன் இல்லை. தம்பி நல்லகாமன்தான் உள்ளே சேர்த்துக்கொண்டான். சேர்த்துக்கொண்டவனுக்கும் ஆறே மாசத்தில் இருமல் வந்துவிட்டது. நல்லது செய்கிறவனுக்குத்தானே நாட்டில் முதல் அடி.

டாக்டர் ஜனகராஜ் முதலில் தம்பியைத்தான் கேட்டார். "இதுக்கு முன்னாடி ஊசி, மாத்திரை ஏதாவது எடுத்தியாப்பா?"

"ஆமாங்கய்யா. கம்பவுண்டர்கிட்ட ரெண்டு மாசம் ஊசி போட்டேன்" என்றான் நல்லகாமன், கையைக் கட்டிக்கொண்டு.

உண்மையைச் சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட யார் இருக்கிறார்கள்? ஏற்கெனவே மருந்து பட்ட உடம்பைப் புதுச் சோதனையில் சேர்ப்பதில்லை என்பது விதி. அவனை அரசாங்க கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஒன்றரை வருஷத்துக்குப் பழைய வைத்தியம். அதிலும் மருந்து இருக்கிற நாள் பாதி, இல்லாத நாள் பாதி. மாயக்காளுக்கு அதுவரை ஒரு மாத்திரையும் பட்டதில்லை. அவளைச் சேர்க்கலாம் என்றார் டாக்டர்.

ஆனால் அவள் சிலிர்த்துக்கொண்டு எழுந்துவிட்டாள். இரண்டு வகை மருந்து இருக்கிறது, யாருக்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்யமாட்டார், ஒட்டின கவருக்குள் இருக்கிற சீட்டுதான் முடிவு செய்யும் என்று சொன்னதுதான் தாமதம். "சீட்டெடுத்தா மருந்து குடுப்பாக? எம் உசிரு என்ன சூதாட்டமா? வாடா தம்பி, போவோம்."

ஜெயக்கொடி விடுவாளா? கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஏ ஆத்தா, கோவிக்காத. உங்கூருக் கம்மாயில தண்ணி கொறஞ்சா என்ன செய்வீக?"

"மொறை வைப்போம்."

"மொத மொறை யாருக்குன்னு?"

"அய்யனாரு கோயில்ல வச்சுச் சீட்டெடுப்போம்."

"அதேதான் இது. யாருக்கும் ஓரவஞ்சனை இல்ல. கம்மாய்ச் சீட்டுன்னு நெனச்சுக்க."

மாயக்காள் முகம் தெளிந்துவிட்டது. கட்டைவிரலை மையில் தோய்த்துச் சம்மதத் தாளில் உருட்டினாள். கவரைப் பிரித்தார்கள். அஞ்சே மாசத்தில் குணமாக்கும் என்று எல்லாரும் நம்பின சிவப்பு மாத்திரை விழுந்தது. அக்காளும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஜெயக்கொடிக்கும் வயிறு குளிர்ந்தது.

பத்து நாளைக்கு ஒருமுறை மாயக்காள் டவுனுக்கு வந்து மாத்திரைப் பொட்டலம் வாங்கிப்போவாள். ஒரு நாளைக்கு இரண்டு சிவப்பு, நாலு வெள்ளை. ஒழுங்காகத் தின்கிறாளா என்று பார்க்க ஜெயக்கொடி சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய் நிற்பாள். மிச்ச மாத்திரையை எண்ணுவாள். சிறுநீரைப் பாட்டிலில் பிடித்துவரச் சொல்லுவாள். சிவப்பு மாத்திரை தின்றவர்களுக்குச் சிறுநீர் செக்கச்செவேலென்று போகும். அதில் பொய் சொல்ல முடியாது. மாயக்காளுக்கு எப்போது பார்த்தாலும் சிவப்பு. எண்ணிக்கையும் ஒன்று கூடாது, ஒன்று குறையாது. "இவள மாதிரி பத்துப் பேரு வந்தாப் போதும் டாக்டர்" என்று ஜெயக்கொடி வார்டில் தம்பட்டம் அடித்தாள்.

மூன்றாம் மாசம் சளியில் கிருமி குறைந்தது. நாலாம் மாசம் திரும்பவும் வந்துவிட்டது, முன்னைவிடப் பெருத்து.

"மருந்து சரியாச் சாப்பிடல" என்றார் டாக்டர்.

"சத்தியமா சாப்பிடுறா சார். என் கண்ணால பாத்தேன்."

அவர் சளி முடிவுத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். ரோஷத்தோடு அப்போதே பஸ் ஏறினாள் ஜெயக்கொடி. ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்தது. வீட்டுக்குப் போனால் எல்லாம் வழக்கம்போலத்தான்: எண்ணிக்கை சரி, பாட்டிலில் சிவப்பு. ஒன்றும் புரியாமல் வெளியே வந்து நின்றாள். மாட்டுக் கொட்டடிக்குப் பின்னால் போயிருந்த நல்லகாமன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தான். அவன் எழுந்துவந்த இடத்தில் அடுப்புச் சாம்பல் கொட்டிக் கிடந்தது. வெளுத்த சாம்பலில் புது ஈரம், செங்காவி நிறத்தில்.

ஜெயக்கொடி வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "ஏ மாயக்கா! இங்க வா! எம்புட்டு நாளா நடக்குது இது?"

மாயக்காள் மறைக்கவே இல்லை. "மொத நாள்ல இருந்துதேன். ரெண்டு செவப்புல அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. வெள்ளையிலயும் சரிபாதி."

"அடி பாதகத்தி! உன்னைய யாருடி குடுக்கச் சொன்னது?"

"என்னக்கா இப்பிடிக் கேக்குறீக? கம்மாய்ச் சீட்டுன்னு நீங்கதான சொன்னீக?" அவளுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "எங்கூருல சீட்டு ஆளுக்கு விழாதுக்கா, வீட்டுக்குத்தேன் விழும். அக்கா பேருல விழுந்தாலும் தம்பி வயலும் நனையணும். தன் வயலுக்கு மட்டும் பாச்சிக்கிட்டு கூடப்பெறந்தவன் வயலக் காயப்போட்டா ஊரு காறித் துப்பாது? சீக்கே நாங் குடுத்தது. மருந்த மட்டும் நானே திங்கவா?"

தப்பை அவள் மேல் போட வழியே இல்லை. தின்றவள் நியாயமாகத்தான் தின்றிருக்கிறாள். உதாரணம் சொன்ன வாய்தான் நாசமாய்ப் போயிருக்கவேண்டும்.

மறுநாள் டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அரை மருந்து கிருமியக் கொல்லாதும்மா. பழக்கிவிட்டுரும். இனி முழு மருந்து குடுத்தாலும் ரெண்டு பேருக்கும் கேக்காது."

"எல்லாம் நான் சொன்னதால வந்தது சார்."

"நானும் பக்கத்துலதான் நின்னேன். நல்லாச் சொல்றாங்களேன்னு நெனச்சேன்" என்றார்.

கடைசிக் கட்டத்துக்கு என்று வேறு மருந்து ஒன்று இருந்தது. குடலைப் புரட்டிக்கொண்டு வாந்தி வரும். நாலு பேரில் ஒருவர் பிழைத்தால் உண்டு. அதுவும் சோதனையில் சேர்ந்தவர்களுக்குத்தான். தம்பிக்கும் வேண்டும் என்று டாக்டர் மேலே இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் முடியாது என்றே பதில் வந்தது. ஜெயக்கொடி அந்தக் கடிதத்தைப் பார்த்துக் கத்தின கத்தலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. கத்தி என்ன செய்ய? கடிதம் கடிதமாகவேதான் இருந்தது.

இந்த முறை பொட்டலம் கையில் கொடுப்பதில்லை. தினமும் ஜெயக்கொடியே காலைப் பஸ்ஸில் போய் எதிரில் நின்று விழுங்கவைக்கவேண்டும். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும். ஒற்றை அறை வீடு. சுவரோரம் கட்டிலில் எலும்பும் தோலுமாக நல்லகாமன் கிடந்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்க, அவனுக்கு இல்லாத மருந்தை அக்காள் தின்னவேண்டும். இந்தக் கொடுமையை எந்தப் புத்தகத்தில் எழுதி வைத்தார்களோ.

நாலாம் நாள், தூக்கின நாக்குக்குப் பக்கத்தில் கன்னக் கதுப்பில் ஒரு மாத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெயக்கொடி விரலை விட்டு எடுத்தாள்.

"மாயக்கா, உன் காலுல வேணா விழுறேன். அரையும் கொறையுமாத் தின்னா அவனும் பொழைக்க மாட்டான், நீயும் பொழைக்க மாட்ட."

"அவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு எறங்க மாட்டேங்குதுக்கா. தொண்டைக்குள்ள கல்லு மாதிரி நிக்கிது" என்று அழுதாள் மாயக்காள்.

கட்டிலிலிருந்து நல்லகாமன் பேசினான். நாலு வார்த்தைக்கு நாலு முறை மூச்சு வாங்கியது. "முழுங்குக்கா. நான் திரும்பிப் படுத்துக்கிறேன்."

கையை ஊன்றி, முனகி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். மாயக்காள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். அன்றிலிருந்து, காலைப் பஸ் ஹாரன் சத்தம் கேட்டதும் அவனாகவே சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவான். ஜெயக்கொடி கடைசியாகப் பார்த்ததெல்லாம் அவன் முதுகுதான். கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள், திரும்பினவன் திரும்பினபடியே போய்ச் சேர்ந்தான்.

காரியம் முடிகிறவரை மாத்திரையை விழுங்கவைத்துப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே வேறு ஆளில்லை; ஜெயக்கொடி எழவு வீட்டுக்கும் மாத்திரையோடுதான் போனாள். பதினாறாம் நாளுக்கு மறுநாள் அவள் போனபோது பையில் ஒரு தாள் இருந்தது. சளியைக் கண்ணாடிக் குப்பியில் வைத்துக் கிருமி வளர்த்துப் பார்க்க இரண்டு மாசம் ஆகும். மாயக்காள் இரண்டு மாசத்துக்கு முன் கொடுத்த சளியின் முடிவு முந்தின நாள் சாயங்காலம்தான் வந்திருந்தது. கடைசி மருந்தும் கேட்கவில்லை. "குடுக்கிறத நிறுத்திராதீங்க. வேற எதுவும் எங்கிட்ட இல்ல" என்று மட்டும் சொல்லியிருந்தார் டாக்டர்.

மாயக்காள் செம்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். ஏழு மாத்திரையையும் வாங்கி ஒவ்வொன்றாக விழுங்கினாள். குமட்டலை அடக்கிக்கொண்டாள். கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

"இனி இம்புட்டுத் தூரம் நீங்க அலைய வேணாம்க்கா. பொட்டலத்தக் குடுங்க, முழுசையும் நானே தின்னுருவேன். பங்குக்கு ஆளில்ல."

ஜெயக்கொடி தாள் இருந்த பையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இப்பச் சரியாத்தான திங்கிறேன்?"

"சரியாத்தான் தாயி திங்கிற."

"அப்பப் பொழச்சுக்கிருவேன்ல? அவன் அம்புட்டு நாளு திரும்பிப் படுத்தது வீணாப் போயிராதுல்லக்கா?"

ஜெயக்கொடி எட்டிச் செம்பை எடுத்து, மிச்சத் தண்ணீரை வாய் நிறைய ஊற்றிக்கொண்டாள். வெகுநேரம் அதை விழுங்கவே இல்லை.